டிரிங்கோமலியின் வலது கன்னம்: ஒரு மாதிரிக் கப்பல் பிளந்ததைப் பற்றிய ஆய்வு

மதுரைக்கு வீடு மாறி வந்த மூன்றாவது வாரம். சனிக்கிழமை காலை, பீரோ மேல் வைத்திருந்த கப்பலின் துணியை விலக்கினேன். வலப்பக்கப் பலகைகளுக்கு நடுவே ஐந்தாறு இடங்களில் கோடு கோடாக இடைவெளி விழுந்திருந்தது. சின்ன டார்ச் ஒன்றை உள்ளே விட்டால் அந்தக் கோடுகள் வழியாக வெளிச்சம் வெளியே வந்தது. முன்பக்கம், கன்னம் போல உருண்டு வரும் இடத்தில், இரண்டு பலகைகள் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. அதற்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலால் தடவினால் தெரியும். சென்னையில் இருந்தபோதே அது இருந்தது. அங்கே விரலை வைக்காமல் தவிர்த்து வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பதினான்கு மாத வேலை அது. வேலை முடிந்து வந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகவும், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் செய்தது. முதலில் ஊர் மாறியதைத்தான் குற்றம் சொன்னேன். கடலோர ஈரத்தில் ஒட்டிய மரம் மதுரைப் பங்குனி வெயிலில் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தபோது அது பாதி உண்மைதான் என்று தெரிந்தது. மீதிப் பாதி, முதல் பலகை ஒட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

எந்தக் கப்பல்

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல். கட்டியது பம்பாய்க் கப்பல் தளத்தில், ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி தலைமைக் கப்பல் கட்டுநர். மரம் மலபார்த் தேக்கு. ஏராவை, அதாவது அடிமரத்தை, 1816 மே மாதம் வைத்தார்கள். பார்சி வழக்கப்படி எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அதில் அடித்தார் வாடியா. அது இல்லாமல் கப்பலுக்கு நலமில்லை என்பது நம்பிக்கை. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

இதன் வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு. லீடா வகைக் கப்பல் இது. அந்த வகையின் உடல்வடிவம் ஆங்கிலேயர்களுடையது அல்ல, பிரெஞ்சுக்காரர்களுடையது. 1782இல் பிடிபட்ட எபே என்ற பிரெஞ்சுக் கப்பலின் கோடுகளைப் பார்த்து வரைந்தது. பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடம் ஜாவா என்ற கப்பலில் போனது. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் ஜாவாவைத் தோற்கடிக்க, வரைபடமும் அதோடு போயிற்று. இன்னொரு பிரதி வந்து சேரும்வரை பம்பாய் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தேக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் கப்பலுக்கேற்ற ஓக் மரம் தட்டுப்பாடு. அதோடு ஓக்கில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அப்படிச் செய்யாது, புழுவையும் அழுகலையும் தள்ளி வைக்கும். டிரிங்கோமலி இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே பழையது. போர்ட்ஸ்மத்தில் இருக்கும் விக்டரி இதைவிட மூத்தது, ஆனால் அது உலர்துறையில் நிற்கிறது. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, பயிற்சிக் கப்பலாக வேறு பெயரில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1992இல் பழைய பெயரைத் திரும்பப் பெற்ற கப்பல் இது. இருநூறு ஆண்டுகளாகத் தேக்கு தாங்குகிறது. அதனால்தான் நானும் தேக்கில் செய்ய ஆசைப்பட்டேன். என் முதல் தவறு அந்த ஆசைக்குள் இருந்தது.

நிஜக் கப்பலின் பீரங்கித் தளம் 45.84 மீட்டர் நீளம், அகலம் 12.17 மீட்டர். 64இல் ஒரு பங்காகச் செய்தால் 71.6 செ.மீ., 19 செ.மீ. பாய்மரமெல்லாம் வைத்தால் இன்னும் நீளும், அலமாரிக்குள் அடங்காது. அது வேறு கவலை.

நம் கடற்கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். அந்தச் சொற்களையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

கட்டிய விதம்

நிஜக் கப்பலில் ஏராவிலிருந்து விலா எலும்பு போல வங்குகள் நெருக்கமாக எழும்பும். மாதிரியில் அதையும் அப்படியே செய்பவர்கள் உண்டு. அது இன்னும் பல வருட உழைப்பு. நான் எடுத்தது எளிய வழி: நடுவில் முதுகெலும்பாக 6 மி.மீ. பிளைவுட், அதில் வெட்டுப்பள்ளம் போட்டுக் குறுக்கே செருகிய 4 மி.மீ. பிளைவுட் சட்டங்கள் பத்தொன்பது. ஒவ்வொரு சட்டமும் அந்த இடத்தில் கப்பலைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வடிவம். அதன் மேல் 4.6 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள தேக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போனேன்.

முதுகெலும்புப் பலகையை ஜூலையில் வெட்டினேன். அக்டோபர் வரை அது சுவரில் சாய்ந்தபடி நின்றது. நடுவில் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை, தொட முடியவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் வேகம் பிடித்து, கார்த்திகை முடிவதற்குள் இரண்டு பக்கமும் பலகை ஏறிவிட்டது. இடப்பக்கத்தை நிதானமாகச் செய்தேன். வலப்பக்கத்தை, இடப்பக்கம் கொடுத்த தைரியத்தில், வேகமாகச் செய்தேன்.

பிரித்துப் பார்த்தது

உடைத்துப் போட மனம் வரவில்லை. நல்லவேளையாக வெள்ளைப் பசைக்கு ஒரு பலவீனம் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஒட்டின இடத்தில் வைத்து, மேலே பாலிதீன் சுற்றி, இருபது நிமிடம் விட்டால் பசை ரப்பர் மாதிரி இளகிவிடும். மெல்லிய கத்தியை நுழைத்து நெம்பினால் பலகை முழுசாக வரும். ஒவ்வொரு பலகையிலும் பென்சிலால் எண் போட்டு, கழற்றிய வரிசையில் செய்தித்தாளில் பரப்பினேன். மூன்று ஞாயிறு போயிற்று. கழற்றிய பலகைகளைப் பார்க்கப் பார்க்க, என்ன நடந்தது என்பதை அவையே சொல்ல ஆரம்பித்தன.

முதலில் கப்பலின் நடுப்பகுதி. அங்கே இடைவெளிகள் நேராக, சீராக இருந்தன. பலகைகள் படிந்துதான் இருந்தன, எதுவும் தூக்கவில்லை. விரிந்த ஓரங்களைப் பார்த்தால் ஒரு பக்கத்தில் பசை முழுசாக ஒட்டியிருந்தது, மறுபக்கத்தில் மரம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. பசை கிழியவில்லை, பிடிக்கவே இல்லை. தேக்கின் எண்ணெய்ப் பசை செய்த வேலை இது. ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்திருக்க வேண்டும். கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் இவ்வளவு பார்க்க வேண்டாம், அங்கே மரமே கழுந்தும் துளையுமாகப் பிடித்துக்கொள்ளும். 1.2 மி.மீ. ஓரத்தில் பசையைத் தவிர வேறு பிடிப்பில்லை.

ஆனால் பசை விடுவதற்கு முதலில் ஏதாவது இழுக்க வேண்டுமே. இழுத்தது ஈரம். மரம் ஈரம் குறையும்போது நீளவாக்கில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். எவ்வளவு என்பது பலகையை அடிமரத்திலிருந்து எப்படி அறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வளைய வரிகள் பலகையின் முகத்தோடு படுத்துக் கிடந்தால், ஈரம் 1% குறைவதற்குத் தேக்கு ஏறக்குறைய 0.19% சுருங்கும். வரிகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் 0.10%தான். மழைக்கால சென்னையில் திறந்த அறையில் கிடக்கும் மரத்தில் ஈரம் 15 அல்லது 16% வரை இருக்கும். கோடை மதுரையில் அது 8 அல்லது 9%க்கு இறங்கும். வித்தியாசம் 7% என்று வைத்துக்கொள்வோம். என் பலகைகள் பெரும்பாலும் படுத்த வரி. பீரங்கித் தளத்துக்குக் கீழே நடுப்பகுதியில் ஒரு பக்கத்துக்கு 26 பலகை, மொத்தம் 120 மி.மீ. கணக்குப் போட்டால் ஒன்றரை மி.மீ.க்குச் சற்று மேல் சுருக்கம்.

ஒன்றரை மி.மீ. 26 இணைப்புகளிலும் சமமாகப் பிரிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பிரியாது. நன்றாக ஒட்டின இணைப்புகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் தங்கிய ஐந்தாறு இணைப்புகள் மொத்தச் சுருக்கத்தையும் வாங்கிக்கொண்டன. ஒவ்வொன்றும் கால் மி.மீ.க்கு மேல் விரிந்தது. 64 மடங்கு பெருக்கிப் பாருங்கள், நிஜக் கப்பலில் கட்டைவிரல் நுழையும் விரிசல். நிஜக் கப்பலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பலகை இடுக்கில் கலப்பற்று செய்து நாரும் கீலும் திணிப்பார்கள், நீரில் கிடக்கும் பலகை ஊறிப் பருத்து மேலும் இறுகும். மாதிரியோ கட்டிய நாள் முதல் காய்ந்துகொண்டே இருக்கிறது.

சரி, நடுப்பகுதிக்குக் காரணம் கிடைத்தது. அணியத்தின் கன்னத்துக்கு இது போதவில்லை. அங்கே பலகைகள் தள்ளிப்போகவில்லை, முறுக்கிக்கொண்டு கீழ் ஓரம் தூக்கியிருந்தன. கழற்றி மேசையில் வைத்ததும் அவை ஓரவாட்டில் மறுபடி நேராகிவிட்டன. அந்த ஒரு நொடியில் எனக்கு விஷயம் விளங்கிற்று.

பூசணிக்காய் மேல் ஒரு நேரான நாடாவை ஒட்டிப் பாருங்கள். அதை அதன் போக்கில் விட்டால் ஒரு வழியில் ஒழுங்காகப் படியும். நாம் விரும்பும் வழியில் இழுத்தால் ஒரு ஓரம் சுருங்கும், மறு ஓரம் தூக்கும். கப்பலின் கன்னமும் அப்படித்தான். நடுவில் 120 மி.மீ. இருக்கும் அதே பரப்பு, அணியத்தின் முனையில் என் அளவில் 76 மி.மீ. அதே 26 பலகை அங்கே போய்ச் சேர வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 4.6இலிருந்து 2.9 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். அதைக்கூடச் செய்தேன், கண்மட்டத்தில். செய்யாமல் விட்டது அடுத்த படி. அந்த இடத்துப் பலகையை விரித்துத் தட்டையாக்கினால் அது நேராக இருக்காது, வாழைப்பழம் போல ஓரவாட்டில் வளைந்திருக்கும். பிறகு மாஸ்கிங் டேப்பைச் சட்டங்களின் மேல் ஒட்டி, பக்கத்துப் பலகையின் ஓரத்தைப் பென்சிலால் பதிந்து, டேப்பை எடுத்துத் தட்டையாக விரித்து அளந்தேன். 12 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. வளைவு. இவ்வளவு வளைவை ஒரு நேரான பட்டையில் பலவந்தமாக ஏற்றி, துணிக் கிளிப் போட்டுப் பிடித்து, பசை காய்ந்ததும் கிளிப்பை எடுத்திருக்கிறேன். ஐந்து மாதம் தாங்கியதே பெரிது.

கழற்றின பலகை இரண்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். மாட்டுவண்டிச் சக்கரம் செய்த குடும்பம் அவருடையது. வெயிலில் தூக்கிப் பார்த்தார். “தம்பி, மரத்தைக் குத்தம் சொல்லாதீங்க. இது மொகத்துல வளையும், ஓரத்துல வளையாது. ஓரத்துல வளைவு வேணும்னா அறுத்துத்தான் எடுக்கணும்” என்றார். கப்பல் புத்தகங்கள் பல பக்கம் எழுதுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்தப் புடைப்பு. இதுதான் ஆழமான குற்றம். எல்லாப் பலகையும் கழன்ற பிறகு, அமர முனையில் கட்டிய தையல் நூலை நடுப்பகுதி வழியாக அணியத்தைத் தாண்டி இறுக்கிப் பிடித்தேன். நூல் நடுவில் முதுகெலும்பைத் தொட்டது. முன்பக்கம் விலகியது. அணிய முனை இடப்பக்கமாக 3 மி.மீ. திரும்பியிருந்தது. ஜூலை முதல் அக்டோபர் வரை சுவரில் சாய்ந்து நின்ற பிளைவுட், சாய்ந்த வாக்கில் வளைந்துகொண்டது. அதை நேர்ப்படுத்தாமல் சட்டங்களைச் செருகியிருக்கிறேன். இடப்பக்கக் கன்னம் கூடுதலாகச் சுருங்க, வலப்பக்கக் கன்னம் நீண்டு பருத்தது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குறுக்குச் சட்டத்தின் விளிம்பு வெட்டின கையோடு சதுரமாக இருக்கும். பலகையோ அணியத்தில் சாய்வாக வந்து படியும். உடலின் சாய்வு 30 பாகை என்றால், 4 மி.மீ. தடிமனில் முன் ஓரத்திலிருந்து 2.3 மி.மீ. இழைத்துத் தள்ள வேண்டும். சின்ன வேலை இல்லை, சட்டத்தின் பாதித் தடிமனுக்கு மேல். எவ்வளவு தள்ளியது போதும் என்று பார்க்க ஒரு மெல்லிய நேரான குச்சியை, பேட்டன் என்பார்கள், மூன்று நான்கு சட்டங்களின் மேல் வளைத்து வைத்து, எங்கே இடிக்கிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்க வேண்டும். இடப்பக்கத்தில் ஏழெட்டு உயரங்களில் பார்த்தேன். வலப்பக்கத்தில் மேலே இரண்டு உயரங்களில் மட்டும் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று முடித்துக்கொண்டேன். மூன்றாவது சட்டத்தின் கீழ்ப்பாதி இழைக்கப்படாமலே நின்றது. பலகை அதன் மேல் ஏறி இறங்கியது. அந்த ஏற்றம்தான் புடைப்பு.

இதை எழுதும்போதுகூட மனசு கனக்கிறது. பலகை ஒட்டும்போது ஒரு நாளில் நான்கு பலகை ஏறும், கண்ணெதிரே கப்பல் வளரும். சட்டம் இழைக்கும் வேலையில் ஒரு வாரம் தூசிதான் மிஞ்சும், எதுவும் வளர்ந்த மாதிரி தெரியாது. எந்த இடத்தில் பொறுமை வேண்டுமோ அந்த இடத்தில்தான் பொறுமைக்குக் கூலி கண்ணில் படுவதில்லை.

தாமிரம் மறைத்துவிடும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. டிரிங்கோமலியின் நீர்மட்டத்துக்குக் கீழ்ப்பகுதி முழுக்கத் தாமிரத் தகடு போர்த்தியது, பலகை தெரியாதே என்று. ஒரு துண்டுத் தாமிரத்தாளைப் புடைப்பின் மேல் அழுத்திப் பார்த்தேன். மெருகேறிய உலோகத்தில் மின்விளக்கின் பிம்பம் நெளிந்தது. மரத்தில் விரலுக்கு மட்டுமே தெரிந்த மேடு, தாமிரத்தில் அறையின் மறுகோடியிலிருந்து தெரிந்தது.

இரண்டாவது உடல்

முதல் உடலின் எலும்புக்கூட்டைச் சரிசெய்ய முயலவில்லை. வளைந்த முதுகெலும்பின் மேல் எது செய்தாலும் ஒட்டுவேலைதான். புதிதாக வெட்டினேன். இந்த முறை வெட்டின அன்றே இருபுறமும் நேரான கடின மரச்சட்டத்தை ஒட்டி, தட்டையான கனமான பலகை ஒன்றில் நிமிர்த்தித் திருகி வைத்தேன். உடல் முழுசும் மூடும்வரை அதிலிருந்து எடுக்கவில்லை. அணியத்தில் சட்டங்களுக்கு நடுவே மென்மரக் கட்டைகளை நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே பரப்பாக உப்புத்தாளால் தேய்த்தேன். பலகைக்குக் கீழே பள்ளத்துக்கே இடமில்லாமல் செய்துவிட்டால் கன்னத்தில் சறுக்க வாய்ப்பு குறைவு. இழைப்பதற்கு மட்டும் ஐந்து வாரம். ஒவ்வொரு ஞாயிறும் கண்ணை மூடிக்கொண்டு இரு கன்னங்களையும் இரு உள்ளங்கைகளால் ஒரே நேரத்தில் தடவிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்பதில் கையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

மரத்தையும் மாற்றினேன். தேக்கை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது, காரணம் சொல்லி மனதைத் தேற்ற வேண்டியிருந்தது. தேக்கின் துளைகள் பெரியவை. 0.2 மி.மீ. துளையை 64 மடங்காக்கினால் கிட்டத்தட்ட 13 மி.மீ. விரல் நுழையும் ஓட்டைகள் நிறைந்த பலகையில் எந்தக் கப்பலும் மிதக்காது, ஆனால் என் முதல் உடல் அப்படித்தான் தோற்றமளித்தது. பார்வைக்கு உண்மையாக இருக்க வேண்டுமென்றால் துளையே தெரியாத நெருங்கிய மரம் வேண்டும். வெளிநாட்டில் பாக்ஸ்வுட், பேரி மரம் என்பார்கள், விலை எட்டாது. நமக்கு வெட்பாலை இருக்கிறது. சன்னபட்ணா பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான். வெண்மையாக, வழவழப்பாக, கத்தி போன பக்கமெல்லாம் சுத்தமாக வெட்டுப்படும். டிரிங்கோமலியின் மேல்பகுதி கறுப்பும் வெள்ளைப் பட்டையுமாக வண்ணம் பூசியது, கீழே தாமிரம். உள்ளே என்ன மரம் என்பதைப் பார்ப்பவர் யாரும் காணப்போவதில்லை.

வெட்பாலைத் தகடுகளை மதுரைக் கோடையில் இரண்டு மாதம் காய விட்டேன். வளைய வரி நிற்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். அணியத்துப் பலகை ஒவ்வொன்றையும் டேப்பில் பதிந்து, அகலமான தகட்டிலிருந்து அதன் வளைவோடு அறுத்தேன். ஒரு 4.6 மி.மீ. பலகைக்குப் பன்னிரண்டு மி.மீ. அகலத் தகடு வீணாகும். வீண் என்று தோன்றவில்லை. அறுத்த பலகை எந்தக் கிளிப்பும் இல்லாமல், ஒரு விரல் அழுத்தத்தில், தன் இடத்தில் போய் உட்காரும்போது வரும் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. சித்திரை முடிவில் டார்ச்சை உள்ளே விட்டு, அறையை இருட்டாக்கி, அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அமரத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முடி அளவு கோடு. அது என் அறுப்பில் நேர்ந்த பிழை, மரம் சுருங்கியதல்ல. நூல் இன்னும் நேராகவே ஓடுகிறது.

ஏராவை மட்டும் தேக்கில் வைத்தேன். முதல் உடலிலிருந்து எடுத்த தேக்கு. அதில் ஊசித் துளையிட்டு, அம்மாவின் அறுந்த கொலுசிலிருந்து அரை அங்குல வெள்ளிக் கம்பியை அடித்து இறக்கி, தலையை உப்புத்தாளால் மழுக்கினேன். இப்போது தாமிரம் வெட்டுகிறேன். நிஜத் தகடு நான்கடி நீளம், பதினான்கு அங்குல அகலம். என் அளவில் 19 மி.மீ., 5.6 மி.மீ. அமரத்தின் கீழிருந்து தொடங்கி, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறும்படி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போகிறேன். வலது கன்னத்துக்கு இன்னும் பல வரிசை இருக்கிறது.